துவைக்காத சட்டை

அந்த அக்காவின் முகம் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. கைகள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. குட்டையான, தடித்த விரல்கள். இடது கைச் சுண்டுவிரல் என்றைக்கோ எதுவோ கடித்துக் கோணிப்போயிருக்கும். முகம் பதியாமல் போனதற்கு என் மறதியைக் குறை சொல்ல முடியாது. அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை. கேள்வி நம்மிடம் கேட்பார், கண் நாயின் மேல் இருக்கும். நாம் சொல்லும் பதிலைக்கூட நாயின் காதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

திருவனந்தபுரத்தில், கரமனையில் ஒரு மிருக டாக்டர் தன் வீட்டுக் கார் ஷெட்டையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. உத்தியோகத்தில் இருக்கிறவன் வீட்டில் வெள்ளைப் பொமரேனியன் ஒன்று இல்லாவிட்டால் ஏதோ குறை என்று நினைத்த காலம். டாக்டர் ஊசி போடுவார், தையல் போடுவார். அப்போது மிருகத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. பாறசாலைக்குப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டார், சர்ச்சுக்குப் போக வேண்டும். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்தான். எங்களில் யாரும் கேட்டதில்லை. ‘பிடிக்கிற அக்கா’ என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாய்க்கு வாய்க்கட்டு போட அவர் விடமாட்டார். அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் தடவை வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார்.

“வீட்டுல இதுக்கு ஆரைப் பிடிக்கும்? அவங்க உடுத்த துணி ஒண்ணு அடுத்த மட்டம் கொண்டு வரணும், கேட்டியளா? அலக்காத துணியாக்கும் வேணும்.”

துவைக்காத துணி. அதை மேஜையில் விரித்து, நாயை அதன்மேல் கிடத்தி, ஒரு முனையை எடுத்து மூக்கை மூடினாற்போலப் போடுவார். “ஒண்ணும் இல்ல மக்ளே, ஒண்ணும் இல்ல” என்பார். எல்லா மிருகமும் அவருக்கு ‘மக்ளே’தான். ஊசி போய்வந்ததே பல நாய்களுக்குத் தெரியாது.

ஆனால் நம் ஆட்களுக்கு இது லேசில் கைவராது. அழுக்குத் துணியை அடுத்தவர் கையில் கொடுப்பதா? எல்லோரும் சலவை செய்து இஸ்திரி போட்டதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அக்கிரகாரத்து மாமா ஒருவர் நாலாய் மடித்த வேஷ்டியோடு வந்த கதையை என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நாய் கொல்லைப்புறத்தோடு சரி, ஆத்துக்குள்ளே காலெடுத்து வைத்ததில்லை என்று மாமா சொன்னாராம்.

“நன்னா தோச்சு உலர்த்தினதாக்கும். தாராளமா விரிச்சுக்கலாம்.”

அக்கா வேஷ்டியை ஒரு தடவை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “சாமி, இதுல சோப்பு இருக்கு. ஆளு இல்ல.”

பின்னாலிருந்த மாமி பையிலிருந்து ஒரு பழைய புடவைக் கிழிசலை எடுத்து, சத்தமில்லாமல் மேஜையில் போட்டாள். அடுப்படியில் கைதுடைக்கிற துணி. நாய் அதில் முகத்தைப் புதைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அக்கா நாயிடம் கேட்டார்: “அப்பம் ஒனக்குக் கெடப்பு அடுக்களையிலயாக்கும், இல்லியா மக்ளே?” மாமா மாமியைப் பார்த்தார். மாமி கார் ஷெட்டின் கூரையைப் பார்த்தாள்.

இப்படித்தான் அவருக்கு வீடுகள் தெரிந்தன. ஒரு வீட்டுக்கும் அவர் போனதில்லை.

இன்னொன்று நானே பார்த்தது. மனைவியையும் நாயையும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே நின்றிருந்தேன். ஒரு பேங்க்காரர் தன் அல்சேஷனோடு வந்திருந்தார். அது முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கியிருந்தது. மூன்று மாதமாக மருந்து. ஆறுவதும் மறுபடி நக்குவதுமாக இருந்ததாம். அக்கா அந்தக் காலைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “வீட்டுல ஆராவது மிண்டாம இருக்காங்களா?” என்றார். மிண்டாமல் என்றால் பேசாமல்.

பேங்க்காரர் முதலில் இல்லை என்றார். அப்புறம், நிச்சயம் பண்ணின மகளுடைய கல்யாணம் முறிந்துபோனது என்றும், அதிலிருந்து வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்றும், ஒருத்தரும் அழவுமில்லை என்றும் சொன்னார்.

“அதாக்கும். நீங்க ஆராவது ஒருத்தர் இருந்து அழுங்க சாரே. அப்பம் இது நக்காது.”

அந்த ஆறடி ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது. இவள் யார், நாயைப் பிடிக்க வந்தவள், குடும்ப விஷயத்தில் தலையிட என்று நினைத்தேன். அன்றைக்கு நான் மனதுக்குள் ‘அவள்’ என்றுதான் சொன்னேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. எனக்கு மரியாதை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது அயோக்கியத்தனம். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர். வீட்டில் நான், மனைவி, பத்து வயதில் ஒரே மகள், ஜூலி என்ற வெள்ளைப் பொமரேனியன். சாயங்காலம் நான் கேட்டைத் திறந்தால் ஜூலி வயிறு தரையில் உரச ஊர்ந்து வரும். காது பின்னால் ஒட்டிக்கிடக்கும், வால் காலிடுக்கில் இருக்கும். சில நாள் என் ஷூ பக்கத்திலேயே இரண்டு சொட்டு மூத்திரம் விட்டுவிடும்.

“பார்த்தீங்களா, என்ன ஒரு பணிவு” என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டுவேன். “வீட்டிலே எல்லாரையும்விட என்கிட்டேதான் இதுக்குப் பிரியம்.” ஆபீஸில் நான் போனால் ப்யூன் எழுந்து நிற்பான். அதுவும் இதுவும் எனக்கு ஒன்றுதான்.

நான் மனைவியை அடித்திருக்கிறேன். அடிக்கடி இல்லை என்று அந்தக் காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குடிப்பதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன். மேலதிகாரி முன்னால் வாய் திறக்காமல் நின்றுவிட்டு வந்த நாட்களில் சாம்பாரில் உப்பு கூடிப்போகும். டம்ளர் பறக்கும். சில நாள் கை நீளும். நாயை மட்டும் நான் தொட்டதே இல்லை. வாயில்லாத ஜீவனை அடிக்கிறவன் மனுஷனா என்று பிறருக்குப் புத்தி சொன்னதுகூட உண்டு. இதை எழுதும்போது எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலி கேட் கம்பியில் காதைக் கிழித்துக்கொண்ட நாளில் மனைவி காய்ச்சலாகப் படுத்திருந்தாள். வழக்கமாக அவள்தான் ஆட்டோவில் கொண்டுபோவாள். படுத்தபடியே, “பக்கெட்ல என் சேலை கெடக்கு, அத எடுத்துட்டுப் போங்க” என்றாள். உன் சேலை எதற்கு என்று நான் முந்தின நாள் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டேன். பிரியம் யார்மேல் என்று எனக்குத் தெரியாதா? மகள் பள்ளிக்கூடப் பையோடு ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டாள். பை எதற்கு என்று கேட்டேன். “சும்மா” என்றாள்.

கார் ஷெட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். அக்கா என் சட்டையை வாங்கி மேஜையில் விரித்தார். ஜூலியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

ஜூலி சட்டையை மோந்தது. உடனே பின்னங்கால்கள் மடங்கின. அந்தச் சட்டையின் மேலேயே மூத்திரம் போனது. பிறகு மேஜையின் விளிம்புவரை பின்னாலேயே நகர்ந்து, அக்காவின் கையிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு உதறியது. அப்படி ஒரு நடுக்கம். மேஜைமேல் இருந்த எஃகுத் தட்டு கிடுகிடுவென்று சத்தம் போட்டது.

அக்கா சட்டையைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

மகள் பையைத் திறந்து, அம்மாவின் தோர்த்தை, குளித்துவிட்டுத் தலையில் கட்டுகிற மெல்லிய துண்டை, எடுத்து நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஜூலி அந்தத் தோர்த்தில் மூக்கை வைத்துப் படுத்தது. ஐந்து தையல். முனகக்கூட இல்லை.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. சுற்றி நின்றவர்கள் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்: “இந்த நாயை நான் ஒரு நாள்கூட அடிச்சதில்லை.”

அக்கா நிமிரவில்லை. ஜூலியின் முதுகைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னார்: “ஒன்னைய அடிக்கல்லன்னு எனக்குத் தெரியுமே மக்ளே.”

அவ்வளவுதான் சொன்னார். அதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் என் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பார்வை என் முதுகில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜூலியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். அக்கா சர்ச்சில் இருக்கிற நேரம். நாள் பார்த்துத்தான் போனேன்.

“அந்தப் பொம்பளை நாயைக் கிள்ளுறா டாக்டர். கிள்ளித்தான் அடக்குறா. நானே கண்ணால பார்த்தேன்.”

டாக்டர் மலையாளி, நல்ல மனிதர். நம்பவில்லை. “ஏய், அவர் அங்ஙனெ செய்யற ஆளல்லல்லோ” என்றார்.

ஜூலியை மேஜையில் வைத்தேன். பக்கத்தில் நெருங்கி நின்றேன். வீட்டில் டம்ளர் பறப்பதற்கு முன்னால் என் குரல் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலில் சொன்னேன்: “இங்கே பாருங்க. அவ பிடிக்கிற மேஜையில வச்சாலே இது எப்படி நடுங்குதுன்னு பாருங்க.”

ஜூலி நடுங்கியது. எதற்கு நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். என்னைக் கண்டு பயந்த நாயை, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தேன். டாக்டர் முகம் மாறிவிட்டது. என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

தையல் பிரிக்கப் போய்விட்டு வந்த மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “அந்த அக்காவ நிறுத்திட்டாராம்ங்க. யாரோ போய் நாயக் கிள்ளுதான்னு சொல்லியிருக்கான். அவளாவது, கிள்ளவாவது. சொன்னவன் நாக்கு அழுகிப் போவும்.”

நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அதற்கப்புறமும் ஒரு தடவை கையை ஓங்கினேன். அப்போது மகள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து ஜூலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு எழவில்லை. ஏன் நின்றது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. காலேஜுக்குப் போன பிறகு ஒரு நாள் மகள் சாதாரணமாகச் சொன்னாள்:

“நீங்க ஸ்கூட்டர் ஸ்டாண்டைப் போடற சத்தத்திலேயே ஜூலிக்குத் தெரியும்பா. ஓங்கிப் போட்டா கட்டிலுக்கு அடியிலே போயிரும். அதைப் பார்த்துட்டு அம்மா டிவியை நிறுத்துவா, நான் புத்தகத்தை எடுப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஜூலிக்குப் பதினொரு வயதானபோது கண்ணில் புரை விழுந்து பார்வை போய்விட்டது. அதற்குள் நான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். பிடிக்கிற அக்கா பாறசாலையில் தன் வீட்டில் ஆடு வளர்க்கிறாராம் என்று மனைவி யாரிடமோ கேட்டு வந்தாள்.

“கண்ணு தெரியாத ஜீவன். ஒரு தடவை அவகிட்ட காட்டிட்டு வருவோமா? நானும் வாறேன்.”

நான் மட்டும் போகிறேன் என்றேன். எனக்கு அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. ஏழு வருஷமாக இருந்தது. கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பாலராமபுரத்தில் இன்னொரு முறை. பக்கத்து சீட்டில் ஜூலி மனைவியின் சேலையின் மேல் தூங்கிக்கொண்டு வந்தது.

ஓட்டுவீடு. முற்றத்தில் பலாமரத்தடியில் மூன்று ஆடுகள் கட்டியிருந்தன. அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. என் குரலைக் கேட்டும் அவர் நிமிரவில்லை. கையை நீட்டி ஜூலியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

“ஜூலியா? கண்ணு போச்சா மக்ளே? வயசாச்சுல்லா.”

நான் சேலையை நீட்டினேன். “துவைக்காததுதான் அக்கா.”

“துணி எதுக்கு சாரே. நீங்கதான் கூட இருக்கீங்களே. இது இப்பம் உங்ககிட்ட பேடி இல்லாமத்தான் இருக்கு.” பேடி என்றால் பயம். விரல்கள் ஜூலியின் காதில், கழுத்தில், முதுகெலும்பில் இறங்கி வால்வரை போயின. பிறகு ஜூலியிடம் சொன்னார்: “வீட்டுல இப்பம் சத்தம் இல்ல. நல்லதாக்கும். நல்லதாக்கும்.”

என் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். “வழி கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டமாயிட்டுது” என்றேன். உள்ளேயிருந்து பாலில்லாத கட்டன் காப்பி வந்தது. குடித்தேன்.

அவராகவே பேச ஆரம்பித்தார்.

“வேலை போனதுல எனக்கு வெசனம் இல்ல சாரே. கர்த்தர் ஆட்டைத் தந்தாரு, கஞ்சி குடிக்கேன். ஒண்ணுதான் மனசுல கெடக்கு. நான் நுள்ளுனேன்னு யாரோ சொன்னாங்களாம். எந்தப் பட்டியைன்னு டாக்டர்ட்ட கேட்டேன். அவரு சொல்லல்ல.”

நுள்ளுவது என்றால் கிள்ளுவது, பட்டி என்றால் நாய். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காரியம் இல்லாம ஆராவது சொல்லுவாங்களா? நான் பிடிச்ச பிடியில எதுக்கோ நொந்திருக்கு. எதுக்குன்னு தெரியல்ல. அந்த வாயில்லாத சாதனம் எவ்வளவு நொந்துச்சோ. கர்த்தர்ட்ட தெனமும் அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கேன். அதுல இருந்து ஆட்டைக்கூட கெட்டிப் பிடிக்க எனக்குப் பயம்.”

ஏழு வருஷம். செய்யாத ஒன்றுக்காக அந்த மனுஷி ஏழு வருஷமாகத் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் பிழைப்பைக் கெடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கையைக் கெடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் போதும். மேலதிகாரி முன்னால் நின்றதுபோலவே வாய் திறக்கவில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

அவர் மடியில் ஜூலி தலையைத் தூக்கியது. தெரியாத கண்ணோடு என் பக்கம் திரும்பியது. காதுகள் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. பிறகு அந்தப் பழைய நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் பின்னங்காலில், அப்புறம் உடம்பு முழுக்க. அவருடைய முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உதறியது.

அக்காவின் கை ஜூலியின் முதுகில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு, எதையோ கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்:

“அப்பம்… நான் ஒண்ணையும் நுள்ளல்ல, இல்லியா சாரே?”

“இல்லை அக்கா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “நீங்க எதையும் கிள்ளலை.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு கையாலும் ஜூலியை அள்ளி, மார்போடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “கேட்டியா மக்ளே” என்றார். “கேட்டியா.”

நான் கிளம்புகிறவரை அவர் மறுபடி நிமிரவே இல்லை.